தற்காலிகத் தலைவர் நின்ற காலை

ஆனி 12, திங்கள்

காலையிலேயே புழுக்கம். செருப்பு வார் அறுந்தது. ஊக்கு போட்டுச் சமாளித்தேன்.

ஆபீசில் நாற்காலி இன்னும் காலி. தலைவரான ஜட்ஜ் ஐயாவுக்குப் பக்கவாதம், இனி வரமாட்டார் என்று மகன் வந்து சொல்லிவிட்டுப் போனார். போலீஸ்காரர்கள் மேல் ஊர்க்காரர் கொடுக்கும் புகாரை, போலீசுக்குக் கட்டுப்படாமல் விசாரிக்க வேண்டிய ஆபீஸ் இது. தலைவர் கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதமும் நகராது. மீதி இருப்பது டைப்பிஸ்ட் நான், பியூன், மின்விசிறி. விசிறி மட்டும் வேலை செய்கிறது.

நெசவாளி ஏகாம்பரத்தின் மனைவி செங்கமலம் மறுபடி வந்தாள். போன மாதம் விடிகாலையில், தறியில் ஏற்றுமுன் நூலுக்குக் கஞ்சி போட்டுத் தெரு நீளத்துக்கு விரித்திருந்த பட்டுப் பாவின் மேல் இன்ஸ்பெக்டர் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார். இழையெல்லாம் நாசம். ஏன் சார் என்று கேட்ட ஏகாம்பரத்தை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய் அடித்தார்கள். வலது மணிக்கட்டு வீங்கி, இன்றுவரை தறியில் உட்காரவில்லை. தெருவே பார்த்தது. தெருவே வாயை மூடிக்கொண்டது. சாட்சி இல்லையென்றால் பொய்ப் புகார் என்று முடித்துவிடுவார்கள். பிறகு போலீசைத் தடுத்ததாக அவர் மேலேயே வழக்கு வரும்.

"யாரனா ஒருத்தர அந்த நாற்காலில உக்கார வையுங்கம்மா. இன்ஸ்பெக்டரு தெனம் வந்து தெருமொனைல நின்னுக்கினு மொறைக்கிறாரு."

நான் என்ன நாற்காலி வியாபாரியா? மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஆனி 13, செவ்வாய்

வெயில். ரேஷனில் கெரசின் இல்லை.

ஆபீசை மேற்பார்க்கும் ஊர்ப் பெரியவர்கள் கமிட்டி கூடியது. புதுத் தலைவர் மெட்ராசிலிருந்து வரும்வரை யார்? ஜவுளிக்கடை முதலாளி: "எனக்கு சுகர் இருக்குதுபா." வக்கீல்: "தெனம் ஸ்டேஷன்ல எனக்கு ஆயிரம் வேலை, அவங்கள எப்படிப் பகைச்சிக்கிறது?" ஹெட்மாஸ்டருக்கு மகள் கல்யாணம். மூன்று பேரும் வடையை மட்டும் தட்டாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

கடைசியில் ஹெட்மாஸ்டர்தான் சொன்னார், ரிடையரான ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிறாரே என்று. ரயில்வே ஸ்டேஷன். அவர் இந்த ஊரில் யாருக்கும் சொந்தக்காரரில்லை, யாரிடமும் காரியம் ஆகவேண்டியதில்லை. ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். குடையோடு வந்தார். ஒரே கேள்வி.

"நாற்காலி காலியா இருந்தா புகாரெல்லாம் என்னாகும்?"

"அப்படியே நிக்கும் சார்."

"அப்ப ஒத்துக்கறேன்."

தற்காலிகத் தலைவர். இனி த.த. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ரயிலுக்குக் கொடி காட்டனவரு போலீசுக்கு இன்னா காட்டுவாரு?" நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆனி 14, புதன்

மேகம் போட்டது, மழை இல்லை. செருப்பு தைத்தாயிற்று.

த.த. தண்ணீர்க் கூஜாவோடு வந்தார். ஏகாம்பரம் ஃபைலைப் படித்தார், திரும்பவும் படித்தார். இன்ஸ்பெக்டர் பதிலில் எழுதியிருப்பது: 'அவசர வேலை. வண்டியை நிறுத்த வழியில்லை.' அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு.

விசாரணை நாளை, அந்தத் தெருவிலேயே. இன்ஸ்பெக்டரும் வரவேண்டும். ஸ்டேஷனிலிருந்து கான்ஸ்டபிள் வந்து, ஐயாவை எங்க ஜீப்பிலேயே கூட்டிக்கினு போறோம் என்றார்.

"நடந்து வரேன்னு சொல்லுப்பா."

ஆனி 15, வியாழன்

விடியும்போதே சுள்ளென்று வெயில். நானும் த.த.வும் நடந்து போனோம். பின்னால் ஜீப் ஊர்ந்து வந்தது. கோபுரத்தைத் தாண்டித் திரும்பினால் தெரு முழுக்க பாவு. ஏகாம்பரத்துக்குப் பக்கத்து வீட்டு ராஜாத்தியின் பாவு, மாம்பழ நிறம், கஞ்சி ஈரத்தோடு. இரண்டு பக்கமும் ஆட்கள்.

ஜீப்பைப் பார்த்ததும் பதறிவிட்டார்கள். "சுருட்டுங்கபா, சுருட்டுங்க! பெரியவங்க வந்துட்டாங்க!" ஈரப் பாவைச் சுருட்டினால் இழையோடு இழை ஒட்டி மொத்தமும் வீண். அது அவர்களுக்குத் தெரியாதா? பயம்.

த.த. கையை உயர்த்தினார். அவ்வளவுதான். ரயிலே நின்றிருக்கும்.

"சுருட்டாதீங்க. காயட்டும். நாங்க நிக்கிறோம்."

நின்றார். குடையை விரிக்கவில்லை. யாரோ முக்காலி கொண்டுவந்தார்கள், உட்காரவில்லை. அவர் நிற்கும்போது இன்ஸ்பெக்டர் ஜீப்பில் உட்கார்ந்திருக்க முடியுமா? இறங்கினார். தொப்பிக்குக் கீழே வியர்வை வழிந்தது.

"சார், சந்து வழியா போயிடலாமே."

"அவசரம் ஒண்ணுமில்லையே."

தெருவில் கஞ்சித் தூரிகை ஓடும் சத்தம் மட்டும். இந்த ஊரில் பாவுக்காகப் போலீஸ் நின்று நான் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. கால் கடுத்ததைக்கூட மறந்தேன்.

காய்ந்தது. பதமாகச் சுருட்டினார்கள். வழி பிறந்தது. த.த. நகராமல் கேட்டார்.

"இன்னைக்கு நின்னீங்களே. அன்னைக்கு ஏன் நிக்கல?"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார்.

ராஜாத்தி முன்னால் வந்தாள். முழங்கைவரை கஞ்சி. "எழுதிக்கமா. நான் பார்த்தேன். ஜீப்பு ஏறுனதையும் பார்த்தேன், அவர முடியப் புடிச்சி இஸ்துக்கினு போனதையும் பார்த்தேன்." அடுத்து அவள் மாமனார். அப்புறம் எதிர்வீடு. என் பென்சில் முனை மழுங்கிவிட்டது. ஏகாம்பரம் வாசற்படியில், வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

ஆனி 16, வெள்ளி

புழுதிக் காற்று. மதியம் மெட்ராசிலிருந்து போன். புதுத் தலைவர் நியமனமாகிவிட்டார். த.த.வின் பொறுப்பு இன்று மாலையோடு சரி.

விசாரணை அறிக்கையில் அவர் இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் தெரு மறுபடி வாயை மூடிக்கொண்டால்? வெளியே செங்கமலம் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அறிக்கையை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பியூன் பூட்டை எடுத்து வைத்துக்கொண்டு மணியைப் பார்த்தான்.

த.த. குடையோடு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்தார்.

"அறிக்கை ஆச்சாம்மா?"

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்குது சார். நீங்க உக்காருங்க."

"அடிங்க. நிக்கிறேன்."