உன் பெயர் இல்லாத திருத்தம்

அன்பு மருமகளே,

மூவுலகும் போற்றும் மென்பொருள் மாமன்னன், உன் மாமா, எழுதுகிறேன். கிரீடம் சலவைக்குப் போயிருக்கிறது.

பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் வாசிக்கும் நம் இலவச மென்பொருள், எண்கள் வந்தால் திக்கும். விடுமுறை முழுக்க அதோடு மல்லுக்கட்டி, நீ திருத்தி அனுப்பினாய். ஒரே ஒரு வரியில் சறுக்கல். வழிகாட்டி என்பவன் அங்கே ஒரு கேள்வியை எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நானோ தேநீர் ஆறுவதற்குள் அத்தனையையும் புதிதாக எழுதி, என் பெயரில் சேர்த்துவிட்டேன். மென்பொருளை உருவாக்கும் குழுவினரின் கைதட்டல் ஏழு கடல் தாண்டிக் கேட்டது. நானும் அடக்கமாகத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன்.

நேற்று உன் அம்மா போன் செய்தாள்.

"அவ கம்ப்யூட்டரையே தொட மாட்டேங்கிறாடா. என்ன பண்ணின?"

"நான் ஒண்ணுமே பண்ணலையேக்கா!"

"எல்லாத்தையும் நீயே பண்ணிட்டேன்னுதான் சொல்றா."

அக்காவின் திட்டுக்கு ஆயிரம் பதில் வைத்திருப்பவன், சார்ஜரைத் தேடுவதாகச் சொல்லி போனை வைத்துவிட்டேன்.

புதிய பதிப்பின் வெளியீட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்று காலை என் திருத்தத்தை எடுத்துவிட்டேன். ஏன் என்று குழுவில் கேட்டார்கள். "அது என் மருமகளோட வேலை, நான் பிடுங்கிக்கிட்டேன்" என்றேன். ஒருவரும் கைதட்டவில்லை.

உன்னுடையது உன் பெயரோடு காத்திருக்கிறது. சறுக்கிய வரிக்குக் கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதியிருக்கிறேன். பதிலையும் எழுதிவிடக் கை பரபரக்கிறது. ஆகவே இந்தக் கடிதத்தை அனுப்பியதும், நீ வரும்வரை இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்திருக்கப் போகிறேன்.

மாமாவின் எடை உனக்குத் தெரியும். சீக்கிரம் வா.

உன் முகத்தைப் பார்க்கக் கூசும்,
மாமா