சரிவாக வெட்டிய பிரஷ்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், நினைப்பதைத் தவிர வேறு வழி ஏது, போன் போட்டால் நீ எடுத்தால்தானே. கடிதத்தையாவது பிரிக்காமல் இருக்க மாட்டாய் என்று உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனால் தைலம் தேய்க்கச் சொன்னால் மட்டும் காது கேட்பதில்லை. மாடிவீட்டு டீச்சர் உன்னை விசாரித்தார். அவருடைய பூனை நம் பிரஷ் பட்டறைக்குள் புகுந்து நைலான் இழைக் கட்டின்மேல் மகாராணி மாதிரி படுத்துக்கொள்கிறது, அதைக் கிளப்பிவிட்டுத்தான் தினமும் வேலையே தொடங்க வேண்டியிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பின பழைய ரோலர் பிரஷ் வந்தது, வந்த நாளிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. உங்கள் கம்பெனியில் கண்ணாடிப் பலகை கழுவுகிற மெஷினில் ஓடினது என்று சொன்னாய், சரி. எங்க வீட்லயே செஞ்சு தருவாங்கன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், அப்படியே இதே மாதிரி வேணும், ஒரு நூல்கூட அளவு மாறக் கூடாது, என் வேலையே இதுலதான் இருக்கு என்று படபடவென்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். என்ன ஏது என்று கேட்பதற்குள் வைத்தாயிற்று, அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை. பிரித்துப் பார்த்தால் ஒரு முனையில் இழை கட்டைவிரல் நீளம் இருக்கிறது, மறுமுனைக்குப் போகப் போகக் குறைந்து நகத்தளவு ஆகிவிடுகிறது, அங்கங்கே கொத்து உதிர்ந்து சொட்டை வேறு. செய்யும்போதே இப்படிச் சரிவாக வெட்டினார்களா, இல்லை ஓடி ஓடித் தேய்ந்ததா? நான் தேய்ந்தது என்றேன், உங்க அப்பா வெட்டினது என்றார்.

அவரையும் சும்மா குறை சொல்ல முடியாது. நாமும் எத்தனை தினுசு செய்கிறோம். பாட்டில் கழுவக் கம்பியை முறுக்கி நடுவில் இழையைச் சிக்க வைக்கிறோம், கதவிடுக்கில் தூசி வராமல் இருக்கத் தகட்டை மடித்து இழையைக் கவ்வ வைத்துப் பட்டையாகப் போடுகிறோம், அதே பட்டையைத் தண்டின்மேல் சுருளாகச் சுற்றினால் கன்வேயர் துடைக்கிற பிரஷ் ஆகிவிடுகிறது. கேட்கிறவர் எதற்குக் கேட்கிறார் என்று நமக்கு எப்படித் தெரியும்? அந்தத் தானிய மில் கதை ஞாபகம் இருக்கிறதா, சாம்பிளில் ஒரு கோடு நெடுக இழையே இல்லாமல் இருந்தது, பாவம் உதிர்ந்துபோச்சு போல என்று நாம் நல்ல மனசோடு நிரப்பிக் கொடுத்தோம், தூசி வெளியே போகிற வழியை அடைச்சுட்டீங்களே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குச் சூடு பட்டவர் உங்க அப்பா. சாம்பிள்ல என்ன இருக்கோ அதுதான், நம்ம மூளையை வீட்ல வெச்சுட்டு வந்துரணும் என்று அன்றிலிருந்து ஒரே பிடிவாதம்.

சரி என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். கடைசல்காரர் உருளையைக் கடைந்து கொடுத்தார், அப்பா வரிசை பிடித்துத் துளை போட்டார், நான் கொத்துக் கொத்தாக இழையை மடித்துக் கம்பியில் கோத்துத் துளைக்குள் இழுத்துக் குத்தினேன், விரல் நுனியெல்லாம் கீறல். குத்தி முடித்ததும் அப்பா அதை மெஷினில் ஏற்றிக் கத்தியைச் சாய்த்து வைத்து, பழையது எப்படியோ அப்படியே சரிவாக மட்டம் வெட்டினார். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் வந்தது. பேப்பர் சுற்றிக் கட்டியும் ஆயிற்று. பழைய உருளை வேறு எதற்காவது ஆகுமே என்று அதிலிருந்த இழைகளை வாசலில் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன். வெயிலில் இரண்டு முனை இழையையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், நீளமான பக்கத்து நுனி கத்தி பட்டது பட்டபடி தட்டையாக இருக்கிறது, குட்டையான பக்கத்து நுனி மழுங்கி, பிளந்து, உங்க அப்பாவின் பல் பிரஷ் மாதிரி இருக்கிறது. கத்தியால் வெட்டியிருந்தால் எல்லா நுனியும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா? தேய்ந்ததுதான். தேய்மானத்தைப் போய் அச்சு அசலாகச் செய்து வைத்திருக்கிறோம், எங்களைத் தவிர வேறு எவர் செய்வார்.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன், ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய வேண்டும் என்று யோசித்ததும் பிடுங்குவதை நிறுத்திவிட்டேன். ரோலர் அங்கே ஒரு பக்கம் இறங்கி உட்கார்ந்து, அந்தப் பக்கம் மட்டும் கண்ணாடியில் அழுந்தி ஓடியிருக்கிறது. ரோலர் உயரம் வைக்கிற வேலையை இப்போ எனக்குத்தான் கொடுத்திருக்காங்கம்மா என்று நீதானே பெருமையாகச் சொன்னாய். இது உனக்குத் தெரியாதா பாப்பா? இல்லை, தெரிந்துதான் ஒரு நூல்கூட மாறக் கூடாது என்றாயா? தெரியாது என்று ஒரு மனசு சொல்கிறது, பின்னே ஏன் போன் எடுக்கவில்லை என்று இன்னொரு மனசு கேட்கிறது, இரண்டுக்கும் நடுவே நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். அதனால என்ன, சாஞ்ச மெஷினுக்குச் சாஞ்ச பிரஷ், அது பாட்டுக்கு ஓடும், யாருக்கும் தெரியாது, பிள்ளைக்கு வேலை நிலைக்கட்டும் என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் அதுவே சரி என்று பட்டது, பெற்ற மனசு அல்லவா. ஆனால் இறங்கின பக்கம் இன்னும் இறங்காது என்று என்ன நிச்சயம்? கண்ணாடி இடித்து உடைந்தால், அந்தப் பக்கம் கை நீட்டி வாங்குகிறாளே, உனக்குச் சாப்பாட்டில் பங்கு கொடுக்கிற அந்த அக்கா, அவள் கைதானே போகும். அதை நினைத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் இன்னொன்று செய்துவிட்டேன், நேராக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே மட்டமாக. இதோடு அதுதான் வருகிறது. மாட்டுவதற்கு முன்னால் நீயே மேனேஜரிடம் போய் உயரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, பார்த்து வைக்க வேண்டியவள் நான்தான் என்று சொல்லிவிடு. திட்டினால் வாங்கிக்கொள். வேலையே போனாலும் போகட்டும், இங்கே வீட்டில் உன் அறை உனக்கு இருக்கிறது. ஒருவேளை பேரிங் தேய்ந்து இறங்கியிருக்கலாம், உன் தப்பே இல்லாமலும் இருக்கலாம், எதையும் கண்ணால் பார்க்காமல் நான்தான் கண்டபடி உளறுகிறேனோ என்னவோ. அப்படியென்றால் போன் போட்டு என்னை நன்றாகத் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

கைகால் சுகத்தோடு, நல்ல பேரோடு, மனசில் பயம் இல்லாமல் நீ நீண்டகாலம் வாழ வேண்டும். வேலைக்குப் போகும்போது முடியை இறுக்கிக் கட்டிக்கொள், ஓடுகிற மெஷின் பக்கம் துப்பட்டா வேண்டாம். இன்னொன்று, அந்தச் சரிவான பிரஷைப் பிரித்துப் போடச் சொல்லி அப்பாவிடம் தினமும் சொல்கிறேன், தலையை ஆட்டுகிறாரே தவிரப் பிரிக்கவில்லை, அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார். நீ ஒரு வார்த்தை கேட்டால் எனக்குத் தெரியாமல் அனுப்பிவிடுவார். அதனால் அவரிடம் மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா