பாதியில் நின்ற உன் கை

மாமல்லபுரம்
19.10.2009

அன்பு மகள் விஜிக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் பன்னிரண்டு நாளாக இந்த வீட்டில் யாரும் ஓர் இடத்தில் உட்காரவில்லை, அதனால் உடம்பு சுகம் என்று மட்டும் வைத்துக்கொள். உன் உடம்பும் வயிற்றுப் பிள்ளையும் மாப்பிள்ளை பாலாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் எல்லையம்மனிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தீபாவளி மழையில் போனது. அம்மா நான்கு அதிரசம் சுட்டாள், நான்கும் கருகிவிட்டன, நான்கையும் நானே தின்றுவிட்டேன்.

எல்லாம் அந்த நெட் கார்டால் வந்தது. போன மாதக் கடைசியில் மாப்பிள்ளை மட்டும் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தபோது லேப்டாப்பில் அதைச் செருகிக் கொடுத்து, இது அன்லிமிடெட் பிளான் மாமா, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம் என்று சொன்னார். நீயும் அங்கிருந்து அம்மாவுக்குக் கையை அகல விரித்துக் காட்டினாய். அவள் அதை அப்படியே நம்பினாள். காலையில் போட்டால் ராத்திரி சோறு வடிக்கும் வரை அணைக்கவில்லை. லேப்டாப்பை அடுப்பு மேடையில் அரிசி டின் மேல் வைத்துக்கொண்டு அவள்பாட்டுக்குக் காய் நறுக்குவாள், ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்து நீ அங்கே தூங்குவாய், நீ தூங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். நீ புரண்டு படுத்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஏழாம் தேதி மத்தியானம் நீ எழுந்து உட்கார்ந்து அவளிடம் என்னவோ கையால் சொல்லிக்கொண்டிருந்தாய், அப்போதுதான் படம் நின்றது. ஒரு கை வயிற்றின் மேல், ஒரு கை முன்னால் நீட்டியபடி, முகத்தில் சிரிப்பு இல்லை. நானும் அணைத்துப் போட்டேன், கார்டைப் பிடுங்கி வேட்டியில் துடைத்துச் செருகினேன், மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வருகிறது, ஆனால் ஒரு படம் வந்தால் அடுத்த படம் வருவதற்குள் ஒரு பீடி பிடித்து முடித்துவிடலாம். உன் கை இங்கே இருக்கும், பிறகு அங்கே இருக்கும், நடுவில் என்ன சொன்னாய் என்பது இல்லை.

போன் இருக்கிறதே என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். மூன்று வயதில் காய்ச்சலில் காது போன உன் அம்மாவுக்குப் போன் எதற்கு. நான்தான் உனக்குப் போன் போட்டேன். ஒன்றும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன், ஒண்ணாந்தேதி ஸ்பீடு வந்துடும், அம்மாகிட்ட பேசிக்கிறேன் என்றாய். அதென்ன அம்மாவிடம் மட்டும் பேசுகிற விஷயம் என்று எனக்குச் சுருக்கென்றது. ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரிக்காமல் ஒன்று சொல்கிறாள், அப்பனிடம் மறைக்கிறாள், நான் என்னவென்று நினைப்பது. வலியா, பிள்ளைக்கு ஏதாவதா, மாப்பிள்ளையோடு சண்டையா. அம்மாவைக் கேட்டால் அவள் மளமளவென்று கையை ஆட்டினாள், நானும் தலையை ஆட்டினேன். மறுநாள் பரணிலிருந்து பெரிய சூட்கேசை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்தாள். அதற்கு மறுநாள் புடவைகளை இஸ்திரிக்குப் போட்டாள். சரி, என்மேல் கோபம், அண்ணன் வீட்டுக்குக் கிளம்புகிறாள் என்று நினைத்து நானும் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

பதினான்காம் தேதி எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். கார்டு கொடுத்த கம்பெனியின் கடை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிறது. கவுன்டரில் சுஷ்மிதா என்று பெயர் குத்திக்கொண்டு ஒரு பெண். அன்லிமிடெட் என்று போட்டுவிட்டு இது என்ன அநியாயம் என்றேன். அன்லிமிடெட்தான் அங்கிள், லைன் கட்டாவாது, அஞ்சு ஜீபி தாண்டுனா ஸ்பீடு மட்டும் கம்மியாயிடும், அல்லாருக்கும் இப்டித்தான் கீது என்கிறாள். எங்கே எழுதியிருக்கிறது என்றேன். நோட்டீசைத் திருப்பி அடியில் காட்டினாள். ஒரு நட்சத்திரம், அதற்குப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி, கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு, முப்பத்திரண்டு வருஷம் கவர்மென்ட் பஸ் ஓட்டியவன்மா நான், மாமல்லபுரத்துக்கு டிக்கெட் கொடுத்துவிட்டுத் திருக்கழுக்குன்றத்தில் இறக்கி, பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நீ பின்னாலேயே நடந்து வா என்று ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அது சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிற பெண்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது உன் அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்து வயிற்றில் கை வைத்தாள், தொட்டில் ஆட்டினாள், கையை விமானம் மாதிரி மேலே ஏற்றினாள், தன் நெஞ்சைத் தொட்டாள். அவ்வளவுதான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, இன்னா அங்கிள், பொண்ணு மாசமா கீதா, பிரசவம் பாக்க ஆன்ட்டி ஃபாரின் போறாங்களா, நீங்க சொல்லவே இல்லியே என்றாள். படம் நிற்கும் முன்பே நீ அவளிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டிருக்கிறாய். ஏழாம் தேதியிலிருந்து அதே கையைத்தான் உன் அம்மா எனக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். முன்பின் பார்க்காத பெண்ணுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்தது எனக்கு ஒரு வாரமாகப் புரியவில்லை. புரியவில்லை என்பதும் பொய் விஜி, நான் பார்க்கவே இல்லை. அவள் கையைத் தூக்கினாலே தலையை ஆட்டிவிடுவது என் வழக்கம். நீ பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவள் சொல்வதை நீ எனக்குச் சொல்வாய், நான் சொல்வதை நீ அவளுக்குச் சொல்வாய், எனக்கு எதற்குக் கை என்று இருந்துவிட்டேன். நீ பிறப்பதற்கு முன் எப்படிப் பேசிக்கொண்டோம் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன், ஞாபகமே வரவில்லை, வெட்கமாக இருந்தது. அவள் அனுப்புவாயா என்று கேட்டாளாம், நான் தலையை ஆட்டினேனாம், அதை நம்பித்தான் சூட்கேசை இறக்கியிருக்கிறாள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது முறை, உனக்கு லீவு கிடைக்காது, அதனால் தாய் அங்கே வர வேண்டும் என்று நீ கேட்டதில் தப்பே இல்லை. என்னிடம் கேட்கப் பயந்தாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் நீ பயந்ததும் நியாயம்தான், கேட்டிருந்தால் காது கேட்காதவளைத் தனியாக எப்படி அனுப்புவது என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். இப்போதும் எனக்குப் பயம்தான். ஏர்போர்ட்டில் மைக்கில் கூப்பிட்டால் இவளுக்கு எப்படித் தெரியும். அதற்கு ஆள் வைத்துக் கூட்டிப்போய் ஏற்றிவிடுவார்களாம், விசாரித்தேன். விமானத்தில் எல்லாருக்கும் காது அடைக்குமாம், இவள் ஒருத்திதான் நிம்மதியாக வருவாள் என்று அவளிடமே கையால் சொல்லிப் பார்த்தேன், முதுகில் ஓர் அடி விழுந்தது. அன்றைக்கே செங்கல்பட்டில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துவிட்டோம். நாளைக்குச் சென்னையில் மனுக் கொடுக்கிறோம்.

இதைப் போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ அழுவாய், அதனால் எழுதுகிறேன். மாசி மாதம் அவள் உன்னோடு இருப்பாள். சூடாகச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, நைட் டூட்டியை மாற்றிக் கேள். நீயும் பிள்ளையும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நல்லபடியாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையை அழைப்புக் கடிதம் உடனே அனுப்பச் சொல். ஒன்றாம் தேதி ஸ்பீடு வந்ததும் காமிராவை முகத்துக்கு மட்டும் வைக்காதே, கை முழுக்கத் தெரிய வேண்டும், அம்மாவுக்குப் பின்னால் நானும் உட்கார்ந்திருப்பேன். நேற்று, கைப்பேச்சில் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று அவளைக் கேட்டேன். தலையை வேகமாக ஆட்டிக் காட்டினாள், அதுதான் என் பெயராம், உனக்கு முன்பே தெரிந்திருக்கும், இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை. தினமும் கொஞ்சம் கற்றுக்கொள்கிறேன், விரல் சரியாக மடங்க மாட்டேன் என்கிறது. அந்த அஞ்சு ஜீபியை இனிமேல் சிக்கனமாகச் செலவு செய்யுங்கள், அவள் அங்கே வந்த பிறகு நான் என் பெண்டாட்டியோடு மாதம் முழுக்கப் பேச வேண்டும்.

இப்படிக்கு, உன் அம்மா சொல்லி முடிக்கும் வரை இனிமேல் தலையை ஆட்டாத
அப்பா துரை