பனிப்பலகைக்கு யார் அளவு

மகேசக்கா, என் மகேசக்கா,

ஐப்பசி பிறந்தும் எடப்பாடியில் மழை இல்லை. அப்பா மூன்றாவது தறிக்கு மோட்டார் மாற்றியிருக்கிறார். தறிக்கூடத்தின் சத்தமே வேறு மாதிரி ஆகிவிட்டது. நீ வந்தால் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாய்.

வந்தால் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

நீ போய் வருசம் திரும்பிவிட்டது. படையலுக்கு உனக்கு ஒரு ஸ்னோபோர்டு வாங்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். அதில் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல? பனிச்சறுக்குப் பலகையைப் பற்றிப் பேச இந்த ஊரில் எனக்கு இருந்தது நீ ஒருத்திதானே.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். போனவர்களுக்குப் பிடித்ததைப் புதிதாக வாங்கிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட வேண்டும். கும்பிட்ட பிறகு வீட்டில் ஒருவர் அதை எடுத்து உடுத்த வேண்டும், இல்லையென்றால் தின்ன வேண்டும். பீரோவில் வைத்துப் பூட்டினால் அது போனவருக்குப் போய்ச் சேராது. தாத்தாவுக்குப் படைத்த வேட்டியை அப்பா அன்றைக்கே கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனது நினைவிருக்கிறதா?

பெரியம்மாதான் முதலில் கேட்டாள்.

"ஏன், ஒரு சேலை வெச்சாப் பத்தாதா?"

"அவ என்னைக்குங்கக்கா சேலை கட்டுனா? காதுகுத்துக்குக் கட்டச் சொன்னதுக்கே அழுது ஊட்டக் கூட்டுனவ."

"அதுக்குன்னு? எடப்பாடியில எங்க பனி பேயுது? ஐஸ் கம்பெனியில வெச்சா ஓட்டப்போறீங்க?"

அப்பா சிரித்துவிட்டார். உடனே எழுந்து தறிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

"சேலையும் வெக்கறேன், பலகையும் வெக்கறேன்" என்றாள் அம்மா. பேச்சு முடிந்தது.

யார் ஓட்டப்போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் அப்பா, அம்மா, நான். பனியை நான் பார்த்ததே இல்லை.

உன்னைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் இன்னும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். பனியில் விழுந்தாளா? திருச்செங்கோட்டு மாமாவின் ரிக் வண்டி போர்வெல் போட ஹிமாச்சல் போனபோது கணக்குப் பார்க்கக் கூடப் போனவள் நீ. வேலை முடிந்து வண்டி ஊருக்கு வந்தது. நீ மணாலியிலேயே இருந்துகொண்டாய். பலகை வாடகைக்கு விடும் கடையில் வேலை. பிறகு சோலாங் சரிவில் சுற்றுலா வருகிறவர்களுக்குச் சறுக்கக் கற்றுத்தரும் வேலை. அதனால் எல்லோரும் மலையைத்தான் குற்றம் சொல்கிறார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் திருத்துகிறாள்.

"பனி ஒண்ணும் பண்ணலைங்க. ரத்தத்துல வந்துதுங்க. இங்க, சேலம் ஆஸ்பத்திரியிலதானுங்க."

பனியின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதுபோல் சொல்கிறாள். உனக்குப் பிடித்தது என்பதாலா?

அந்த ஆஸ்பத்திரியில்தான் நீ பலகை தேடிக்கொண்டிருந்தாய். ஒரு கையில் ஊசி. இன்னொரு கையில் போன். பழைய பலகையின் இரும்பு விளிம்பு பிரிந்துவிட்டது, இந்தக் குளிர்காலத்துக்குப் புதிது வேண்டும் என்றாய். எது வாங்குவது என்பதில் உனக்கே குழப்பம்.

"ஓட்டறதப் பொறுத்து அம்மிணி. இதப் பாரு" என்று ஒவ்வொன்றாகக் காட்டினாய். மேடுகளில் ஏறிக் குதித்துச் சுழல்கிறவர்களுக்கு மெத்தென்று வளைகிற பலகை. முன்னும் பின்னும் ஒரே வடிவம், எந்தப் பக்கம் வந்து இறங்கினாலும் ஓடும். இறுக்கிச் சமன்செய்த சரிவில் வேகமாகப் போகிறவர்களுக்கு விறைப்பான பலகை. கீழே வைத்தால் நடுமுதுகு கொஞ்சம் தூக்கி நிற்கும். ஏறி நின்றதும் அழுந்தி, விளிம்பு முழுக்கப் பனியைக் கடித்துப் பிடிக்கும். யாரும் மிதிக்காத புதுப்பனிக்கு இன்னொன்று. அகல மூக்கு, குட்டை வால்.

"பூலாம்பட்டிப் படகு மாதிரி மூக்கத் தூக்கிட்டு இருக்குது பாரு. முங்காது. மேலயே மெதக்கும்."

"எல்லாத்துக்கும் ஆகற மாதிரி ஒண்ணு இல்லையாக்கா?"

"இருக்குது. கடைக்காரன் மொதல்ல அதத்தான் நீட்டுவான். கல்யாண ஊட்டுச் சாம்பாராட்ட. ஒருத்தரும் குத்தம் சொல்லமாட்டாங்க, ஒருத்தருக்கும் நெனப்பும் இருக்காது."

சிரித்ததில் உனக்கு இருமல் வந்தது. விறைப்பானதா, மூக்கு தூக்கியதா? சாயங்காலம் முடிவு பண்ணுகிறேன் என்றாய். சாயங்காலம் காய்ச்சல் வந்தது. அதன் பிறகு நீ போனைக் கையில் வாங்கவில்லை.

எதை நினைத்திருந்தாய்?

உன் கடைக்கார அண்ணன் டோர்ஜேவைக் கூப்பிட்டோம். அம்மாவுக்குத் தமிழ். அவருக்கு இந்தி, கொஞ்சம் ஆங்கிலம். இரண்டுக்கும் நடுவில் நான், ஸ்பீக்கரில் போட்டுவிட்டு. உன் பெயரைச் சொன்னதும் பின்னால் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். பிறகு கடைக்காரராகப் பேசினார். எப்படிப்பட்ட ஓட்டம்? பூட்ஸ் அளவு என்ன? உயரத்தைவிட எடை முக்கியம். எடை என்ன?

"எடை எவ்வளவுன்னு கேக்கறாரும்மா."

"நாப்பத்தொண்ணு" என்றாள் அம்மா.

யோசிக்கவே இல்லை. சட்டென்று வந்தது.

என்னால் அதை மொழிபெயர்க்க முடியவில்லை. "ஹலோ, ஹலோ" என்றார் டோர்ஜே. பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

"ஏன் வெச்சுப்போட்ட?"

"அது ஆஸ்பத்திரி எடைம்மா."

காலையில் நர்ஸ் வந்து உன்னை நிறுத்துப் பார்ப்பாள். எண்ணை உரக்கச் சொல்வாள். அம்மா அதைத் திருப்பிச் சொல்வாள். குறைந்துகொண்டே வந்த எண்களில் கடைசி அது. அம்மாவிடம் உன் எடை என்று இருந்தது அது ஒன்றுதான். நல்லா இருக்கிற பிள்ளையை யார் நிறுத்துப் பார்க்கிறார்கள்?

"அப்ப அவ எத்தன இருந்தா?" என்று கேட்டாள்.

"மணாலியில இருக்கறப்ப அறுபது இருப்பாம்மா."

"அறுபது" என்றாள். நர்ஸுக்குத் திருப்பிச் சொல்வது போலவே.

அன்றைக்கு முழுக்க நான் போனில் பலகைப் படங்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அறுபதுக்கு ஒன்று. நீளம், விறைப்பு, தூக்கிய மூக்கு. இதில் நான் ஏறலாமா என்று கேட்டதற்கு டோர்ஜே செய்தி அனுப்பியிருந்தார். புதிதாகப் பழகுகிறவள் இதில் ஏறினால் முதல் சரிவிலேயே தூக்கி எறியும், மறுநாள் மலைப்பக்கமே வரமாட்டாள் என்று. அதை வாங்கினால் படையல் முடிந்ததும் தறிக்கூடத்தில் சாத்தி வைப்போம். நூல் தூசி படியும். உனக்குப் போய்ச் சேராது. என் அளவுக்கு வாங்கினால் நான் ஓட்டலாம். ஆனால் அது உன்னுடையதா? உன் பெயரைச் சொல்லி எனக்கு நானே ஒரு பொருள் வாங்கிக்கொள்வது இல்லையா?

படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எது வாங்கினாலும் நீ இல்லை.

சேலை இளம்பிள்ளைக் கடைத்தெருவில் எடுத்தோம். ஆரஞ்சு. உன் பனி ஜாக்கெட்டின் நிறம். கடைக்காரர் நீட்டிய பட்டு எதையும் அம்மா தொடவில்லை. நேராக அந்த நிறத்தில் கை வைத்தாள். திரும்பும் வழியில் ரவிக்கைக்கு டெய்லர் செல்வியக்காவிடம் போனோம்.

"அளவு ரவிக்கை கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார் செல்வியக்கா.

"அது எதுக்குங்க? ஆளே நிக்கறாளே. உடுத்தறவ இவதானுங்க."

செல்வியக்கா என் தோளில் டேப் வைத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் நூல்கண்டுகளில் ஆரஞ்சு தேடிக்கொண்டிருந்தாள். ஒன்றும் விசேஷமாகச் சொல்லிவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை.

டவுன் பஸ்சில் கேட்டேன். "அம்மா, பலகைக்கு?"

"பலகைக்கு என்ன?"

"யார் அளவு சொல்றது?"

எரிச்சலாகத் திரும்பினாள். "உடுத்தறவ அளவுதான. பொறவு?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது என்று நினைக்கிறேன். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஜன்னலில் வெயில் இருந்தது. வெயிலுக்குத்தான் என்று நானும் வைத்துக்கொண்டேன்.

நூல் நிறுக்கிற தராசில் அப்பா என்னை ஏற்றி நிறுத்துப் பார்த்தார். "நூல் மூட்டை இதவிடக் கனம். சோறு திங்கறியா இல்லையா?" என்றார். எந்தக் கால் முன்னால் வரும் என்று டோர்ஜேவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பலகையில் காலை மாட்டும் கொக்கிகளை அதற்கு ஏற்ப முடுக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் யாரையாவது பின்னாலிருந்து தள்ளச் சொல் என்றார். அதை அம்மாவிடம் சொன்னேன். சரி என்றாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்பாவுக்கு டீ கொண்டு போகும்போது முதுகில் ஒரு தள்ளு. டீ முழுக்கத் தரையில்.

"வலது! வலது காலு!" என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். பிறகு மெல்ல, "அவளுக்கு?"

"இடது" என்றேன். உன் எல்லாப் படத்திலும் இடது.

"ஒரே வயித்துல பொறந்ததுகதான்" என்றபடி துணி எடுத்து வந்து டீயைத் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள்.

எப்படிப்பட்ட ஓட்டம் என்று டோர்ஜே மறுபடி கேட்டார். இன்னும் ஓட்டமே இல்லை என்றேன். அப்படியானால் நடுத்தரமானது என்று ஒன்றைக் காட்டினார். மெத்தென வளையும், விழுந்தால் மன்னிக்கும், எல்லாச் சரிவுக்கும் ஓரளவு ஆகும். மூக்கு துளி தூக்கியிருந்தது. புதுப்பனி வந்தால்? கொஞ்ச தூரம் மிதக்கும் என்றார்.

ஆமாம் அக்கா. கல்யாண வீட்டுச் சாம்பாரைத்தான் வாங்கினேன். திட்டிக்கொள்.

நேற்று படையல். நீ மணாலியில் விரும்பித் தின்ற மோமோவை அம்மா போனில் பார்த்துச் செய்தாள். "கொழுக்கட்டை நல்லாருக்குது, பூரணந்தான் காரம்" என்றாள் பெரியம்மா. இரண்டாவதும் எடுத்துக்கொண்டாள். பலகையில் தலை எது, வால் எது என்று அம்மா கேட்டாள். காட்டினேன். தலைப்பக்கம் உன் படத்தைப் பார்க்கும்படி வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

கற்பூரம் அணைந்தது. சேலையை என் கையில் கொடுத்தாள். உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தேன். பலகையை எடுத்தாள். நான் கைகளை நீட்டினேன்.

கொடுக்கவில்லை.

"இத்தனூண்டு கனந்தானா" என்றாள். அதை நிமிர்த்தி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அவள் உயரத்துக்கு மேல் நின்றது.

"குடுத்துரு சாமி" என்றார் அப்பா. அம்மாவை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"குடுத்துட்டா இவளுதாயிருமுங்க."

"ஆவட்டும்."

நான் இழுக்கவில்லை. ஓரத்தைப் பிடித்தபடி நின்றேன். அம்மா தன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்து முடித்ததும் கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

இனி நான் தரும் வாக்கு. தை பிறந்ததும் மணாலிக்குப் போகிறேன். டோர்ஜே அண்ணன் வரச்சொல்லியிருக்கிறார். அம்மாவும் வருகிறாள், ஒரு பார்வை பார்க்க வேண்டுமாம். உன்னைப் போல் ஓட்ட என்னால் முடியாது, அதற்கு முயலவும் மாட்டேன். விழுவேன். இந்தப் பலகையைச் சுவரில் மாட்ட மாட்டேன். அடிப்பக்கம் தேய்கிறவரை ஓட்டுவேன். தேய்ந்த பிறகு இன்னொன்று வாங்குவேன். அதற்குள் எனக்கென்று ஒரு ஓட்டம் வந்திருந்தால், நீ முடிவு பண்ணாமல் விட்டதில் எது எனக்கு என்று பார்த்துக்கொள்கிறேன்.

வாரேன் அக்கா.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
சுமதி