தட்டுவது பிரிண்டர்தான்

மார்ச் 3, செவ்வாய்

பிரிண்டர் மறுபடியும் தானாகவே விழித்துக்கொண்டது. யாரும் எதையும் அச்சிடச் சொல்லவில்லை. உள்ளே ஏதோ ஓடி, ஓரத்தில் மோதி, திரும்பி வந்து மறுபடி மோதி — டக் டக் டக் டக்.

அப்பா கூப்பிடுகிறார் என்று நினைத்து ஓடினேன். கையில் பிழை திருத்த வந்த ப்ரூஃப் தாள்கள், வாயில் பேனா மூடி.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தட்டிக் கூப்பிடும் சாவி தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. கழுத்துத் துளையை மூடிய மெல்லிய துணி அசைகிறதா என்று பார்த்தேன். ஏறியது. இறங்கியது. அதற்குப் பிறகுதான் நான் மூச்சுவிட்டேன்.

மார்ச் 4, புதன்

குரல்வளையை எடுத்த பிறகு அப்பாவுக்குப் பேச்சு இல்லை. மூச்சு கழுத்துக் குழாய் வழியாக. ஆஸ்பத்திரியில் கொடுத்த அழைப்பு மணியை அன்றைக்கே அலமாரியில் போட்டுவிட்டார். சிலேட்டில் எழுதினார்: 'இது பள்ளிக்கூடம் இல்லை.'

அவர் தேர்ந்தெடுத்தது கார் சாவி. அப்பா ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் காரை விற்றபோது மிஞ்சிய மாற்றுச் சாவி. காலமெல்லாம் அதை டேஷ்போர்டில் இரண்டு முறை தட்டினால் 'வேகத்தைக் குறை' என்று அர்த்தம். இப்போது கட்டில் கம்பியில் இரண்டு முறை தட்டினால் 'வா'. வலது கையை வெளியே நீட்டினால் ஜன்னலைத் திற. உள்ளங்கையைக் காட்டினால் போதும், கஞ்சியை நிறுத்து. வீடே ஒரு நாற்சந்தி மாதிரி ஆகிவிட்டது.

சாவி இரும்பில் படும் சத்தமும் பிரிண்டர் மோதும் சத்தமும் ஒன்றுபோல இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

மார்ச் 5, வியாழன்

பிரிண்டர் கம்பெனிக்கு போன் போட்டேன். நெடுநேரம் இசை. இடையிடையே ஒரு பெண், என் அழைப்பு எவ்வளவு முக்கியம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு பையன் குரல்.

"என்ன மாதிரி சத்தம் மேடம்?"

"யாரோ தட்டுற மாதிரி."

"தட்டுறதுன்னு இங்க ஆப்ஷன் இல்ல மேடம். உரசல், கிறீச், ரீங்காரம். இதுல எதுன்னு சொல்லுங்க."

ரீங்காரம் என்றேன். வேறென்ன சொல்ல.

"அது நார்மல் மேடம்."

மார்ச் 7, சனி

அத்தை வந்திருந்தாள். அண்ணனுக்குப் பேச்சுத் துணையாக இருக்கிறேன் என்று வந்து, மொத்தப் பேச்சையும் தானே பேசினாள். நடுவில் பிரிண்டர் ஆரம்பித்தது. நான் எழுந்து ஓடியதைப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்ததையும் பார்த்தாள்.

"நல்ல வீடுடி இது. மனுஷன் பேசல, மிஷின் பேசுது. தூக்கித் தெருவுல போடு."

"தாள்ல படிச்சாத்தான் அத்தை எனக்குப் பிழை கண்ணுல படும். ஸ்க்ரீன்ல எல்லாமே சரியா இருக்கிற மாதிரி தெரியும்."

"உன் கண்ணுக்காக உன் காதைக் கெடுத்துக்கோ."

அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. சிரிப்பதும் மூச்சு முட்டுவதும் ஒரே மாதிரி இருக்கின்றன.

மார்ச் 9, திங்கள்

மறுபடியும் போன். இந்த முறை வேறொருவர், வயதானவர் போல. கனிவாகத்தான் பேசினார். இயந்திரத்தை ஒரு வாரம் அவர்களே இணையம் வழியாகக் கவனிப்பார்களாம். அதுவரை அணைக்கக் கூடாது.

"ஆஃப் பண்ணா கம்ப்ளெயின்ட் தானா க்ளோஸ் ஆயிடும்மா. திரும்ப மொதல்லேர்ந்து வரணும்."

"வாரண்டி இந்த மாசத்தோட முடியுது சார்."

"அதான் சொல்றேன். ஆஃப் பண்ணாதீங்க."

அணைக்கவில்லை. கையிலிருந்த பிளக்கை, ஏதோ உயிருள்ளதைத் தொடுவதுபோல, மெதுவாக விட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஓடினேன். தூங்குகிறார்.

ஓடினேன். செய்தித்தாள் படிக்கிறார். சிலேட்டில்: 'உனக்கு எதாவது வேணுமா?'

மார்ச் 11, புதன்

ஒரு வழி கண்டுபிடித்தேன். அப்பா இரண்டு முறைதான் தட்டுவார். இரண்டு தட்டு, இடைவெளி, மறுபடி இரண்டு. பிரிண்டர் அடுக்கடுக்காகத் தட்டும், நிறுத்தாது. ஆகவே: இரண்டு என்றால் அப்பா, தொடர்ந்து வந்தால் பிரிண்டர்.

அப்பாவிடம் சொன்னேன். எழுதினார்: 'நான் பிரிண்டர் இல்லைன்னு நானே நிரூபிக்கணுமா?' பிறகு கட்டைவிரலை உயர்த்தினார்.

நாள் முழுக்க ஓடவில்லை. கணக்குப் பாடநூலின் பாதியைத் திருத்தி முடித்தேன். எளிமையான விதி. ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

மார்ச் 13, வெள்ளி

விதி வேலை செய்கிறது.

மார்ச் 16, திங்கள்

எழுதிவிட வேண்டும். எழுதினால்தான் —

காலையில் தட்டல் ஆரம்பித்தது. அடுக்கடுக்காக. தொடர்ந்து. பிரிண்டர். நான் எழவில்லை. சத்தம் நிற்கவே இல்லை. தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கத்தினேன், "கொஞ்ச நேரம் வாய மூடறியா!"

அப்புறம் தோன்றியது, இப்போதே போன் போட்டால் அவர்கள் காதால் கேட்கட்டுமே என்று. இன்றைக்குப் பார்த்து உடனே எடுத்தார்கள். அந்தப் பையன்.

"கேக்குதா? இதான் நான் சொன்ன சத்தம்."

"லேசா கேக்குது மேடம். மிஷின் கிட்ட போனைக் கொண்டுபோங்க."

கூடத்தின் மூலைக்குப் போனேன். பிரிண்டரின் மேல் போனை வைத்தேன்.

"இப்ப இன்னும் கம்மியாயிடுச்சு மேடம். கிட்ட வைங்க."

"கிட்டதான் வச்சிருக்கேன்."

"கேக்கல மேடம்."

பிரிண்டர் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் கை வைத்தேன். அசைவே இல்லை. சத்தம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அப்புறம் சத்தம் நின்றது.

நின்றது. அதுதான். அது நின்றதுதான் —

போனை எங்கே போட்டேன் தெரியவில்லை. அப்பா பாதி எழுந்த நிலையில், முகம் கறுத்து, ஒரு கை கழுத்தில். சாவி தரையில். ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்தது ஒரே வரியில் ஞாபகம் வந்தது: யோசிக்காதே, கழுத்துக் குழாய்க்குள் இருக்கும் உள் குழாயை முதலில் உருவு. திருப்பி இழுத்தேன். வந்தது. உள்ளே கட்டியாகச் சளி, பசை மாதிரி. அப்பாவின் நெஞ்சு ஒரு முறை தூக்கிப் போட்டது. பிறகு காற்று உள்ளே போகும் சத்தம். அத்தனை அசிங்கமான, அத்தனை நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

மூச்சு முட்டுகிற மனுஷன் எண்ணித் தட்டுவானா? இதை ஏன் நான் யோசிக்கல? வரிக்கு வரி பிழை பாக்குறவ தானே நீ?

மார்ச் 17, செவ்வாய்

நர்ஸ் வந்து பார்த்தார். புதுக் குழாய் மாட்டினார். அறையில் ஈரப்பதம் வேண்டும், வெந்நீர் ஆவி வையுங்கள் என்றார்.

"கரெக்டா பண்ணிட்டீங்கம்மா. நெறைய பேர் பயத்துல உறைஞ்சு போயிடுவாங்க. கூப்பிட்டதுமே வந்துட்டீங்க போல?"

"ஆமா. உடனே."

அப்பா என்னைப் பார்த்தார். சிலேட்டு அவர் மடியில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

மார்ச் 18, புதன்

கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி. சோதனை முடிந்ததாம். சத்தம் தங்கள் சாதனத்திலிருந்து வரவில்லை என்று உறுதிசெய்யப்பட்டு, புகார் மூடப்பட்டதாம். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

பிளக்கைப் பிடுங்கினேன். இழுத்த வேகத்தில் ஒயர் சுவரில் அடித்தது. ஒரே ஒரு டக். அதற்கும் ஓடினேன்.

மார்ச் 19, வியாழன்

பிரிண்டர் செத்துக் கிடக்கிறது. ஆனாலும் கேட்கிறது. குழாயில் தண்ணீர் சொட்டினால், பக்கத்து வீட்டில் யாரோ படியிறங்கினால், என் மணிக்கட்டுத் துடிப்பேகூட.

அப்பா தூங்கும்போதும் சாவியை விடுவதில்லை. உள்ளங்கையில் அதன் பற்கள் பதிந்து சிவந்திருக்கின்றன.

மார்ச் 22, ஞாயிறு

காலையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தார். போனேன். தண்ணீரா? தலையசைத்தார், இல்லை. ஜன்னல்? இல்லை. திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடி. போனேன். தலையணை? இல்லை. மறுபடி. மறுபடி.

"என்னதாம்பா வேணும்?" — குரல் உயர்ந்துவிட்டது.

சிலேட்டை எடுத்தார். மெதுவாக எழுதினார்.

'ஒண்ணும் வேணாம். வர்றியான்னு பாத்தேன்.'

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாரையும் ரோட்டில் தைரியமாக வண்டி ஓட்ட வைத்த ஆள். லாரி எதிரே வந்தாலும் குரல் மாறாத ஆள்.

"அன்னிக்குக் கேட்டுச்சுப்பா. பிரிண்டர்னு நெனச்சேன். நர்ஸ்கிட்ட பொய் சொன்னேன்."

'தெரியும். வாய மூடுன்னு நீ கத்தினது இங்க கேட்டுச்சு.'

அவர் சிலேட்டைத் துடைத்துவிட்டு, இன்னொரு வரி எழுதி என் பக்கம் திருப்பினார்.

'மூடித்தான் இருந்தேன்.'

தோள் குலுங்கியது. சிரிப்புதான். கழுத்துத் துணியைப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். பிறகு நானும் சிரித்தேன். சிரித்ததா அழுததா, அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். கட்டில் கம்பியில் இரண்டு முறை தட்டினார். 'வா' இல்லை. பழைய அர்த்தம்: வேகத்தைக் குறை.

மார்ச் 24, செவ்வாய்

மேசையை அப்பாவின் அறைக்கு மாற்றினேன். அத்தை ஒரு பக்கம் தூக்கினாள், மூன்று பேர் அளவுக்கு முனகினாள். ப்ரூஃப்களைத் தெருமுனைக் கடையில் அச்சிட்டுக்கொள்கிறேன். அத்தை இருக்கும் நேரத்தில் மட்டும் போகிறேன், ஓடித் திரும்புகிறேன்.

மார்ச் 27, வெள்ளி

இன்று ஒரு தடவைகூடத் தட்டவில்லை.

மதியம் ஏதோ விழுந்த சத்தம். திரும்பினேன். அப்பா தூக்கத்தில் கையைத் திறந்திருந்தார். சாவி தரையில் கிடந்தது.

எடுத்துத் துடைத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். கையில் திணிக்கவில்லை. துணி ஏறியது. இறங்கியது. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்ட வரியிலிருந்து படித்தேன்.