அம்மாவுக்கு ஊற்றிய தண்ணீர்

பிராங்க்ஸ், நியூயார்க்
1997 பிப்ரவரி 3

என் டியோனிக்கு,

நீ அனுப்பிய மரவள்ளி ரொட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு அட்டை என்று சொல்லிவிட்டார்கள். நானே தேநீரில் நனைத்துத் தின்று தீர்த்தேன். இங்கே பனி முழங்கால்வரை கிடக்கிறது. நான் பார்த்துக்கொள்ளும் கிழவி மிசஸ் ஆட்லர் இன்னும் திட்டுகிறாள், ஆகையால் நலமாக இருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா கனவில் வந்தாள்.

கிழவியின் கட்டில் பக்கத்து நாற்காலியில் பகலில் கண்ணயர்ந்துவிட்டேன். அம்மா வாசலில் நின்றாள். அடக்கம் செய்தபோது நீங்கள் போட்டுவிட்டதாக எழுதினாயே, அந்த நீலச் சட்டை. பாதமெல்லாம் மண். கழுத்தைச் சொறிந்துகொண்டே, "என்னடி, எனக்கு ஒரு வாளி தண்ணி ஊத்த ஆளில்லையா? உடம்பெல்லாம் நமநமங்குது" என்றாள். நான் வாய் திறப்பதற்குள், "நீ எங்க வரப்போற, தங்கச்சிகிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டாள். பக்கத்து டவுன் டாங்ரிகாவைத் தாண்டிப் போகாதவள், லிஃப்டில்!

அவள் போய் ஒரு வருடம் திரும்பிவிட்டது. கேட்பது நியாயம்தான். செவெரோ மாமாவிடம் சொல்லி, நம் முறைப்படி குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி அம்மாவைக் குளிப்பாட்ட நாள் பார். என்னால் வர முடியாது. தங்குவதற்கான காகிதம் இல்லாமல் இந்த நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் திரும்பி நுழைய முடியாது என்று உனக்குத் தெரியும். அடக்கத்துக்கும் வரவில்லை. இதற்கும் இல்லை. பெற்ற இரண்டில் ஒன்று ஊற்றாத தண்ணீரை அவள் ஏற்பாளா என்பதுதான் என்னை அரிக்கிறது.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. ஊர்ப் பாட்டையும் சடங்கையும் சேகரிக்கிற உங்கள் மன்றத்துக் கேமராவைக் கொண்டுபோய்ப் பிடித்து அனுப்பு. செத்ததை அலமாரியில் அடுக்குகிற உத்தியோகம் என்று உன்னைக் கேலி செய்திருக்கிறேன். அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் பார்க்கவாவது வேண்டும்.

உன் அக்கா,
ஃபெலிப்பா


ஹாப்கின்ஸ்
1997 பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பேருந்திலேயே பிரித்துவிட்டேன். அம்மா லிஃப்டில் ஏறும் இடத்தில் சிரித்து, பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். அங்கே வந்திருந்த நிக்கோலாசா சித்தி தேங்காய்ப்பாலில் மீன் கொதிக்கவிட்டு வாழைக்காய் இடித்துக்கொண்டிருந்தாள். கனவைச் சொன்னேன். மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நானும் யோசிச்சுக்கிட்டேதான் இருந்தேன். அக்கா எங்கிட்ட வராம அங்க போயிருக்கு பாரு. எப்பவும் மூத்தவ மேலதான் அதுக்கு உசிரு" என்றார். ஈஸ்டர் முடிந்து செய்யலாம் என்று உடனே ஒத்துக்கொண்டார்.

கேமராவைப் பற்றி நான் மென்று விழுங்கிச் சொல்லி முடிப்பதற்குள் சித்தி உலக்கையை நிறுத்திவிட்டாள். "குளிக்கிற பொம்பளையப் படம் புடிப்பியா? காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தானா?"

அக்கா, எனக்கும் மனம் வரவில்லை. நம் குளியலறைத் தகரத்தில் இருந்த ஓட்டை நினைவிருக்கிறதா? அதை அடைக்கச் சொல்லி அம்மா அப்பாவோடு எத்தனை நாள் மல்லுக்கு நின்றாள்! ஒரு துணியைத் தொங்கவிட்டுவிட்டுத்தானே குளிப்பாள். அவளை நான் எப்படிக் கேமராக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன்?

இன்னொரு தொல்லை. மன்றத்தில் நான் விடுப்புக் கேட்கும்போது காரணம் வாய்தவறி வந்துவிட்டது. தலைவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "நம்ம சேகரிப்புல இது ஒண்ணுதாம்மா இல்ல. உங்க வீட்டுலயே நடக்குதுன்னா வேற என்ன வேணும்?" என்கிறார். தினமும் கேட்கிறார். நான் தினமும் ஏதாவது தூசி தட்டப் போய்விடுகிறேன்.

எல்லாவற்றையும் ஒன்று விடாமல் உனக்கு எழுதுகிறேன். கேமரா மட்டும் வேண்டாம், அக்கா.

உன் அன்புத் தங்கை,
டியோனி


பிராங்க்ஸ்
1997 மார்ச் 8

டியோனி,

எழுதுவாயாம். எழுது. நன்றாகத்தான் எழுதுவாய், அதற்குத்தானே நம் வீட்டில் ஒருத்தியைப் படிக்க வைத்தோம்.

சீன் பைட் கிராமத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி, தானே கட்டிய பாட்டைப் பாடிக்கொண்டே அழுதாள், நான் கேமராவை நிறுத்தவில்லை என்று போன வருடம் நீதான் எழுதினாய். அழியாமல் இருக்க வேண்டுமே அக்கா என்றாய். ஊரார் அம்மாக்களின் கண்ணீர் உனக்குப் பாதுகாக்க வேண்டிய சொத்து. நம் அம்மா என்றதும் துணியைத் தொங்கவிடுகிறாய்.

உனக்குக் கால் இருக்கிறது. நடந்து போய் ஊற்றிவிடுவாய். நான் என்ன செய்ய?

ஃபெலிப்பா


ஹாப்கின்ஸ்
1997 மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதைப் படித்ததும் மன்றத்துக்குப் போனேன். சீன் பைட் அம்மாவின் நாடாவை எடுத்து மறுபடி பார்த்தேன். பாதியில் அவள் என் பக்கம் பார்க்கிறாள். நான் வந்து கையைப் பிடிப்பேன் என்று நினைத்திருப்பாள் போல. எடுத்தபோது அது எனக்குத் தெரியவில்லை.

மாமாவிடம் மறுபடி போனேன். அக்காவால் வர முடியாது மாமா, அவள் கண்ணாவது வரட்டும் என்றேன். சித்தி கத்தினாள். மாமாதான், "ஃபெலிப்பாவுக்கு மட்டும்னா சரி. அலமாரிக்குப் போகக் கூடாது" என்றார்.

தலைவரிடமும் சொல்லிவிட்டேன். கேமரா வேண்டும், ஆனால் நாடா மன்றத்துக்கு வராது என்று. சொல்லும்போது என் காது சுட்டது. அவர் பேனாவை மூடி மூடித் திறந்தார். "அப்புறம் நாம எதுக்கு இருக்கோம் டியோனிசியா?" என்றார். தெரியவில்லை சார் என்றேன். ஆனாலும் கேமராவைக் கொடுத்தார். அதோடு என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை காலை. நீயும் அங்கே விழித்திரு.

டியோனி


ஹாப்கின்ஸ்
1997 ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இதோடு நாடா வருகிறது. அதைப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடு. இல்லாவிட்டால் என்னைத் திட்டுவாய்.

வெயில் ஏறுவதற்குள் மாமா அம்மாவின் அறைக்கு வெளியே குழி வெட்டிவிட்டார். ஓர் ஆள் படுக்கும் நீளம், ஆழம் குறைவு. ஒரு வாளியில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் கடல் தண்ணீர், ஒன்றில் மரவள்ளி கரைத்த தண்ணீர். கொடியில் துவைத்த சட்டை, தலைத்துணி, துண்டு. சோப்பு வாங்க மறந்துவிட்டோம். சித்தி தன் வீட்டுச் சோப்பைக் கொண்டுவந்து, "வாசனை சோப்பு, அவ கேட்டுக் கேட்டு நான் குடுக்காதது" என்று சொல்லி அழுதாள்.

அக்கம்பக்கத்தார் சுற்றி நிற்க, நான் கேமராவோடு கொய்யா மரத்தடியில் நின்றேன். உனக்காகத்தான் நிற்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாமா முதலில் குழியில் ஊற்றினார். "அக்கா, தம்பி வந்திருக்கேன். நல்லாக் குளி." பிறகு சித்தி. அதற்குப் பிறகு வரிசையில் யாரும் இல்லை. பிள்ளைகள் ஊற்ற வேண்டிய முறை.

மாமா சுரைக்குடுவையை நீட்டிக்கொண்டே நின்றார். நான் படம் பிடித்துக்கொண்டே இருந்தேன். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எனக்கு உறைக்கவே இல்லை, அக்கா. கண்ணாடிக்குள் மாமாவின் கை நன்றாக விழுகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திதான் போட்டாள் ஒரு சத்தம். "அடியே! ஒருத்தி அமெரிக்காவுல, ஒருத்தி மரத்தடியில. ரெண்டு பொண்ணப் பெத்தவ அனாதையா குளிக்கணுமா?"

கேமராவை வாழைக்காய் இடிக்கும் உரல்மேல் வைத்துவிட்டு ஓடினேன். நிறுத்தவில்லை, திசையும் பார்க்கவில்லை. அதனால் மாமாவும் சித்தியும் ஊற்றுவதை மட்டும்தான் நீ பார்ப்பாய். அதற்குமேல் சித்தியின் கோழிகள்தான். நாடா தீரும்வரை கோழிகள் மேய்கின்றன. மன்னித்துக்கொள். எடுத்த வேலையைக் கெடுத்துவிட்டேன்.

ஆனால் குரல்கள் இருக்கின்றன. நாடாவைச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன், கேட்கத் தைரியமில்லை. மண் எவ்வளவு வேகமாகக் குடித்தது தெரியுமா! ஊற்ற ஊற்றக் காணாமல் போனது. தாகமாக இருந்திருக்கிறாள்.

டியோனி


பிராங்க்ஸ்
1997 ஏப்ரல் 27

என் கண்ணு டியோனிக்கு,

நாடா வந்தது. என் வீட்டில் போட்டுப் பார்க்கும் பெட்டி இல்லை. மிசஸ் ஆட்லரிடம் கேட்டேன். "எங்கம்மாவக் குளிப்பாட்டினது" என்று சொன்னால் அவளுக்கு என்ன புரியும்? ஊரில் விசேஷம் என்றேன். அவளும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மாமாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டதே. யாரும் எனக்கு எழுதவில்லை. பிறகு சித்தியின் சத்தம், படத்தில் ஓர் ஆட்டம், கோழிகள். கிழவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுதான் விசேஷமா? கோழியா?" என்றாள். "சும்மா கேளுங்க" என்று அவள் கையை அமுக்கிவிட்டேன்.

தண்ணீர் விழும் சத்தம். நீ "அம்மா" என்று மட்டும் சொன்னாய். பிறகு மாமா, "ஃபெலிப்பாவுக்கு யாரு?" என்றார். ஒரு கோழி சிறகை உதறியது. நான் இங்கே எழுந்து நின்று, "நான் இருக்கேன் மாமா" என்று டிவியைப் பார்த்துச் சொன்னேன். அப்போதுதான் நீ, "குடுங்க மாமா, இது அக்கா" என்றாய். கையில் இருந்த தேநீர்க் கோப்பையை ஓடிப்போய்க் கிழவியின் தொட்டிச் செடியில் ஊற்றினேன். வேறு மண் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் பாட்டு. அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே நீ, கள்ளி. ஊரில் எப்போதும் நான் எடுத்துக்கொடுக்கும் பாட்டு. யாரும் எடுக்காமல் எல்லோரும் சும்மா நின்றதை என்னால் கேட்க முடிந்தது. ஒரு குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் ஆரம்பித்தது. யாரென்று தெரியவில்லை. "சத்தமா பாடுடி, உங்கம்மாவுக்குக் காது மந்தம்" என்று சித்தி கத்திய பிறகுதான் நீ என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் பெயரைச் சொல்லச் சொன்னால் அழுவாயே. இரண்டாம் அடியைத் தப்பாகப் பாடினாய். எல்லோரும் கூடவே தப்பாகப் பாடினார்கள். இனி அதுதான் சரி.

"யாரு பாடுறது?" என்று கிழவி கேட்டாள். "என் தங்கச்சி" என்றேன். "உன்னைவிட நல்லாப் பாடுறாளே" என்றாள். அவள் முன்னால் நான் ஒருநாளும் பாடியதில்லை, அவளுக்கு என்ன தெரியும்? ஆனாலும் ஆமாம் என்றுவிட்டேன்.

நாடா என்னிடமே இருக்கட்டும். உன் தலைவர் முகம் கொடுக்காவிட்டால் போகிறார். சீன் பைட் அம்மாவைப் பார்க்க ஒரு நடை போய்விட்டு வா. கேமராவை எடுத்துக்கொண்டு போகாதே.

அம்மா ஏற்றுக்கொண்டாளா என்று உனக்குக் கவலையாக இருக்கும். ஏற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் என் கனவில் வரவில்லை. உடம்பு சுத்தமாகிவிட்டது, சட்டை மாற்றிவிட்டாள், இங்கே அவளுக்கு என்ன வேலை? நல்லதுதான். மாமாவிடம் நல்லது என்றே சொல்.

பகலில் கிழவி தூங்கியதும் நானும் அதே நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்கிறேன், டியோனி. லிஃப்ட் ஏறுகிறது, இறங்குகிறது. எங்கள் மாடியில் நிற்பதில்லை.

உன் அக்கா,
ஃபெலிப்பா