புது மாப்பிள்ளையின் பதவி

அக்டோபர் 4, 1809
காலைச் செபம் முடியுமுன் கர்னல் திரால் வந்துவிட்டார். அவருடைய ஆலை அணையால் பக்கத்து உழவனின் புல்வெளி மூழ்கிய வழக்கில் நாளை மறுநாள் என் தீர்ப்பு. அடுத்த வாரம் சட்டமன்றம் மாவட்ட நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும். அங்கே கர்னல் வைத்ததே சட்டம்.
"தீர்ப்ப ஒரு மாசம் தள்ளிப்போடுங்க, ஜட்ஜ். உங்க நாற்காலி எங்கயும் போகாது."
வெர்மான்ட்டின் முதல் சட்டமன்றத்தில் அமர்ந்தவன் நான். பதினேழு ஆண்டுகளாக நீதிபதி. நாற்காலி மேல் ஆசையில்லை என்று எழுதினால் பொய். நன்றியறிதல் நாளில் நான் மணக்கவிருக்கும் மெகேதபேல் சம்மதித்தது நீதிபதிக்கா, எனக்கா?

அக்டோபர் 6
அணையை இரண்டடி இறக்கத் தீர்ப்பளித்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் இலத்தீன் செய்யுளை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். குதிரைக்குத்தான் அலுத்திருக்கும்.

அக்டோபர் 17
நாற்காலி போயிற்று.

அக்டோபர் 18
மெகேதபேலிடம் சென்று, அவள் கொடுத்த வாக்கிலிருந்து அவளை விடுவிப்பதாகச் சொன்னேன். ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தவில்லை.
"நான் என்ன நாற்காலியையா கட்டிக்கப் போறேன்? வந்ததுக்கு நாலு ஆப்பிள் சீவுங்க."
சீவினேன் — கோணல்மாணலாக.

டிசம்பர் 7
நன்றியறிதல் நாள். மணமானேன். ஆண்டவரே, அறுபத்தாறு வயதில் இவ்வளவு சிரிப்பா?

மார்ச் 6, 1810
ஊர்க்கூட்டம். புதிதாக மணமானவனை, வேலி தாண்டும் பன்றிகளைப் பிடிக்கும் காவலனாக்குவது எங்களூர் வேடிக்கை. கொல்லன் ஆமாசா எழுந்தான்: "புது மாப்பிள்ளை ஒருத்தர் இருக்காரே, மறந்துட்டீங்களா?" கூரை அதிர்ந்தது. முதலில் உயர்ந்த கை கர்னலுடையது.
"ஓடக் கால்ல வலு இருக்கா, மாப்ளே?" என்றார் அவர்.
"பன்னிக்கும் வயசாகியிருந்தா பிடிச்சுடுவேன்" என்றேன்.
வேதத்தின் மேல் கை வைத்து, நீதிபதியாக உறுதி எடுத்த அதே குரலில் உறுதி எடுத்தேன். சிரிப்பு அடங்கிற்று.

மே 22
ஆமாசாவும் அவன் அண்டைவீட்டு ஜாரெட்டும் நீதிமன்றத்துக்குப் புறப்பட்டவர்கள், வழியில் இங்கே நுழைந்தார்கள்.
"இவன் பன்னி என் பட்டாணியையெல்லாம் மேஞ்சிடுச்சு!" என்றான் ஜாரெட்.
"இவன் வேலியப் பாருங்க ஜட்ஜ், பசுமாடே குனியாம நுழையும்!"
சமையலறையில் வைத்து இருவரையும் முழுமையாகப் பேசவிட்டேன். பிறகு என் முடிவைச் சொன்னேன்: ஜாரெட்டுக்கு ஈடாக ஆமாசா ஒரு பன்றிக்குட்டி தருவது. வேலியை இருவரும் சேர்ந்து கட்டுவது. ஆமாசா தலையைச் சொறிந்தான்: "சரி, விடுங்க."
வேலிக்கழி வெட்ட ஒரே வண்டியில் காட்டுப் பக்கம் திரும்பினார்கள். நாளை இன்னும் இருவர் வழக்கோடு வருகிறார்களாம். மெகேதபேல் சமையலறையில் ஒரு பெஞ்சு கூடுதலாகப் போட்டிருக்கிறாள்.